வாத்துக் கந்தோரில் என் அண்ணன்

1

என் மகள் வாத்துக்குக் கந்தோர் கட்டுகிறாள். அதுதான் அவளுடைய தொழில் என்று நான் ஊருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்களே ஒருமுறை சொல்லிப் பாருங்கள், வாய் வருகிறதா என்று.

நாங்கள் இருப்பது நோர்வேயில், பேர்கன் என்ற மழை நகரத்தில். நான் அங்கே பஸ் ஓட்டுகிறேன். மகள் நிலானி இரண்டு வருடம் மருந்தாளர் படிப்புப் படித்தாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "அப்பா, நான் நிப்பாட்டிட்டன்" என்றாள். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, "நல்லது, எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் சலரோகம்" என்று பாராட்டிவிட்டேன். அவள் நிப்பாட்டியது படிப்பை.

இப்போது அவளும் ஒரு சிநேகிதியும் சேர்ந்து வி.ஆர். விளையாட்டுச் செய்கிறார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கடலில் சுழியோடுகிறவர்கள் போடுவது மாதிரி ஒரு பெருங்கண்ணாடியை முகத்தில் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் ஒவ்வொரு பிடியை வைத்துக்கொண்டால், நீங்கள் நிற்கிற வீடு மறைந்து வேறொரு இடம் தெரியும். தலையைத் திருப்பினால் அந்த இடத்தின் மற்றப் பக்கம் தெரியும். கையை நீட்டி அங்கே இருக்கும் சாமானை எடுக்கலாம், எறியலாம். இதற்குள் சண்டையும் பேயும் வைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் செய்வது பகிடி விளையாட்டு, ஆட்களைச் சிரிக்க வைப்பது. ஒரு அறைக்குள் அகப்பட்டு, புதிரை அவிழ்த்து வெளியே வரவேண்டும். அந்தப் புதிரோ முழு விசர்.

அறை ஒரு கந்தோர், அரசாங்க அலுவலகம். மூக்குக்கண்ணாடி போட்டு, தொப்பி வைத்த பெரிய வாத்து ஒன்று காலை மேசைமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு நித்திரை கொள்கிறது. நீங்கள் வெளியே போவதற்கு அது அனுமதி தரவேண்டும். மணியை அடித்தால் எழும்பி உங்கள் முகத்தில் பப்பாப்பழத்தால் எறிந்துவிட்டு மறுபடி படுத்துவிடும். அதன் வாலிலிருந்தே ஒரு இறகைப் பிடுங்கி, அதன் காலடியில் கிச்சுக்கிச்சு மூட்டினால் கோபம் இல்லாமல் எழும்பும். பிறகு மேசைக்கு முன்னால் இருக்கும் யன்னல் பலகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். வாத்து அதை வாசிக்காது. தின்றுவிடும். கதவு திறக்கும். அவ்வளவுதான். இதற்காக என் பிள்ளை மருந்தை விட்டாள்.

நானும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். வாத்தின் மேசை நல்ல தேக்கு மேசை மாதிரி இருந்தது. களைப்பாக இருக்கிறதே என்று அதில் முழங்கையை ஊன்றினேன். மேசை அங்கே இருந்தது, ஆனால் இல்லை. எங்கள் வீட்டுக் கதிரையில் நாடி அடிபட்டு, ஒரு கிழமை ஒரு பக்கத்தால் சப்பினேன். பஸ்ஸில் ஏறிய ஒரு கிழவி, எனக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். அந்த ஊரில் பயணிகள் சாரதியோடு கதைப்பதே அரிது. அப்படியிருக்க, வாத்தின் மேசையில் சாய்ந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? பல்லுவலி என்றேன்.

2

அதன் பிறகு எனக்கும் மகளுக்கும் கதை பேச்சு இல்லை. மனுசி கலாதான் நடுவில் தபால்காரி. "அப்பா கேட்கிறார், படிப்புக்குத் திரும்புற யோசினை இருக்கோ எண்டு." "அம்மா, அப்பாட்டச் சொல்லுங்கோ, இல்லையெண்டு." மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்துகொண்டுதான் இந்தத் தபால் ஓடியது. ஒருநாள் கலா கரண்டியை வைத்துவிட்டு, "நான் ராசினாமா" என்று எழும்பிப் போய்விட்டாள்.

அன்றைக்கு நாங்கள் நேரே கதைக்க வேண்டி வந்தது.

"உதால ஆருக்கு என்ன பிரயோசனம்?" என்று கேட்டேன்.

"ஆக்கள் சிரிப்பினம் அப்பா."

"சின்னப் பெடியள் சிரிப்பாங்கள். புத்தியுள்ள, வயசு வந்த ஒரு மனிசன் உதைப் போட்டிட்டுச் சிரிக்கட்டும், நான் பிறகு வாயே திறக்கமாட்டன்."

"ஆர்? பேரைச் சொல்லுங்கோ."

"உன்ர பெரியப்பா."

அடுப்படியிலிருந்து கலாவின் சத்தம் வந்தது. "கண்டறியாத கதை! பிள்ளையை வெல்ல விடமாட்டன் எண்டு நேரே சொல்லுங்கோவன்!"

அவள் சொன்னது சரிதான். என் அண்ணன் எங்கள் ஊரான அடம்பனில் வயல் செய்கிறார். நல்ல மனிதர், ஆனால் பல்லைக் காட்டிச் சிரித்து நான் கண்டதில்லை. அந்த வீட்டில் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அண்ணிதான் சிரிப்பா. அவ சிரித்தால் ஒழுங்கையில் போகிறவர்கள் நின்று, "என்ன பகிடி, எங்களுக்கும் சொல்லுங்கோ" என்று கேட்பார்கள். போன வருடம் அண்ணி போய்விட்டா. அதன் பிறகு அண்ணன் கதைப்பதையும் விட்டுவிட்டார். நான் போன் எடுத்தால், "சுகமோ? மழையோ? சரி, வை." இவ்வளவுதான். வயலைக்கூடக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டாராம். எனக்குப் பயமாக இருந்தது. வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு நடுச்சாமத்து போன் பற்றி ஒரு பயம் எப்போதும் உண்டு. எனக்கு அது பகலிலும் இருந்தது.

ஆனாலும் பந்தயம் பந்தயம். நாங்கள் ஆடியில் அண்ணியின் ஆட்டைத்திவசத்துக்கு, அவ செத்து முதலாவது வருடத் திவசத்துக்கு, ஊருக்குப் போகிறோம். நிலானி கண்ணாடியைக் கொண்டு வரலாம். பெரியப்பா சிரித்தால் அவள் வாத்தோடேயே இருக்கலாம். சிரிக்காவிட்டால் ஆவணியில் மருந்துப் படிப்புக்குத் திரும்ப வேண்டும். அவள் கையை நீட்டினாள். நான் குலுக்கினேன். வெல்லப் போகிறவன் கை எவ்வளவு உற்சாகமாக இருக்குமோ அவ்வளவு உற்சாகமாகக் குலுக்கினேன்.

3

விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த உத்தியோகத்தர் கண்ணாடியைத் தூக்கி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு ஒருகாலத்தில் கடைச் சிங்களம் நன்றாக வரும். வாயைத் திறந்தேன், வந்தது நோர்வே மொழி. மூளையில் "வேற்று மொழி" என்று ஒரே ஒரு லாச்சிதான் இருக்கிறது போல, இழுத்தால் மேலே கிடப்பதுதான் கைக்கு வருகிறது. நோர்வேயில் ஒரு கந்தோருக்குப் போனால் பதற்றத்தில் சிங்களம் வரும். இரண்டு நாட்டு உத்தியோகத்தர்களும் என்னை ஒரே மாதிரித்தான் பார்ப்பார்கள். கடைசியில் நிலானி முன்னே வந்து, "வாத்து" என்று சொல்லிக் கையால் இறக்கை அடித்துக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

முருங்கன் சந்தியில் இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டு, வான் வண்டியில் அடம்பனுக்குப் போய்ச் சேர்ந்தோம். சோளகக் காற்று புழுதியை அள்ளி முகத்தில் பூசியது. அண்ணனின் மருமகள் மலர் வாசலில் நின்றாள். அந்த வீட்டை இப்போது பார்ப்பது அவள்தான்.

"நிலானி, என்னம்மா வேலை செய்யிறீங்கள்?"

நான் "கொம்பியூட்டர்" என்று சொல்லி முடிப்பதற்குள் மகள் தன் தமிழில் முந்திக்கொண்டாள். "நான் வாத்துச் செய்யிறன் அன்ரி."

"நல்லதம்மா. எத்தினை நிக்குது?"

"இப்ப ஒண்டுதான்."

மலர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். நோர்வேக்குப் போய் இவ்வளவு காலம், பிள்ளைக்கு ஒரேயொரு வாத்து.

நிலானியின் தமிழ் அப்படித்தான். மரியாதை தவறிவிடும் என்ற பயத்தில் வீட்டு நாயையும் "நீங்கள் வாங்கோ, நீங்கள் இருங்கோ" என்றாள். நாய் அதுவரை அப்படி ஒரு மரியாதையைக் கண்டதில்லை. நாங்கள் நின்ற நாள் முழுக்க அவள் காலடியிலேயே கிடந்தது.

அண்ணன் விறாந்தையில் கதிரையில் இருந்தார். "வந்திட்டியளோ" என்றார். மெலிந்துபோயிருந்தார். திவசம் முடியும்வரை வேறு ஒரு சொல் சொல்லவில்லை. ஐயர் சொன்னதைச் செய்தார், போட்டதைச் சாப்பிட்டார், பழையபடி கதிரையில் போய் இருந்தார். இவரைச் சிரிக்க வைக்க முடியாது என்று பந்தயம் கட்டிய என்னை நானே உதைக்க வேண்டும் போல் இருந்தது. கலாவிடம் இரகசியமாகச் சொன்னேன், "இவள் வெண்டாலும் பரவாயில்லை." கலா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

4

அடுத்த நாள் றசூல் நானா வந்தார். கொண்டச்சியைச் சேர்ந்த நெல் வியாபாரி; அங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். அண்ணனிடம் பல காலமாக நெல் வாங்கியவர், அதைவிடப் பெரிய கூட்டாளி. இப்போது நெல் இல்லாவிட்டாலும் வந்து, அண்ணன் கதைக்காத கதையையும் சேர்த்துத் தானே கதைத்துவிட்டுப் போவார் என்று மலர் சொன்னாள்.

திவசம் முடிந்த வீட்டில் இனிச் சிரிக்கலாம், ஒரு தடையும் இல்லை. ஆனால் யார் தொடங்குவது? எல்லோரும் செத்தவீட்டு முகத்தோடேயே இருந்தோம். நானாதான் கண்ணாடியைக் கண்டு, "அது என்ன சாமான் மகள்?" என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் நிலானி அதை அவர் முகத்தில் கட்டிவிட்டாள். அவர் பார்ப்பது அவளுடைய கைத்தொலைபேசியிலும் தெரியும். நாங்கள் எல்லோரும் அதைச் சூழ்ந்து நின்றோம்.

"யா அல்லாஹ்! ஒரு தாரா தொப்பி போட்டுக்கொண்டு படுக்குது!"

"மணி இருக்குது பாருங்கோ நானா" என்றாள் மலர்.

நானா வியாபாரி. மணியை ஒருமுறை அடித்துவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. சந்தையில் ஏலம் விடுகிற வேகத்தில் அடித்தார். வாத்து எழும்பிப் பப்பாப்பழத்தால் எறிந்தது. நானா உண்மையாகவே குனிந்தார், குனிந்தவர் கதிரையையும் சேர்த்து விழுத்தினார். "டேய், நான் ஆரெண்டு தெரியுமா?" என்று கத்திக்கொண்டு மறுபடி அடித்தார். மறுபடி பழம். மலர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"நானா."

அண்ணனின் குரல். நாங்கள் வந்திறங்கிய நாளுக்குப் பிறகு, யாரும் கேட்காமல் அவராகவே வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"கந்தோரில சத்தம் போடக்கூடாது நானா. உங்கட அலுவல் கெட்டுப்போம்."

"அப்ப நீங்க வந்து பாருங்களன்! இந்தத் தாராவோட மனிசன் கதைக்க ஏலுமா?"

அண்ணன் எழும்பினார். விளையாடுவதற்கு இல்லை, கந்தோரில் எப்படி நடப்பது என்று நானாவுக்குக் காட்டுவதற்கு. நிலானி கண்ணாடியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. தன்னைக் குனிந்து பார்த்தார். சாரமும் தோளில் துவாயும் மட்டும்தான்.

"மலர், அலுமாரிக்குள்ள என்ர வெள்ளைச் சேட்டு இருக்கு, எடுத்தா பிள்ளை."

"எங்க போறியள் மாமா?"

"கந்தோருக்கு வெறும் மேலோட போறதோ?"

சேட்டைப் போட்டார். கழுத்துப் பொத்தான்வரை பூட்டினார். கையால் தலையை வாரினார். அதன் பிறகுதான் கண்ணாடியைக் கட்ட விட்டார். நான் என் மகளைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் தெரியும், அவளுடைய வாழ்க்கை இப்போது ஒரு வாத்தின் கையில்.

5

அண்ணன் வாத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பெரியப்பா, மணி" என்றாள் நிலானி.

"கண்டனான். ஐயா நித்திரை. எழும்பட்டும்."

"அவர் எழும்பமாட்டார் பெரியப்பா. நீங்கள் இறகைப் பிடுங்கி..."

"என்னம்மா விசர்க் கதை? உத்தியோகத்தரிட்ட இறகு பிடுங்கிறதோ?"

நின்றார். மலர் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அது ஆறியது. நின்றார். நானா வெற்றிலை போட்டு முடித்தார். அண்ணன் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. இந்த மனிதர் எத்தனை கந்தோர்களில் இப்படி நின்றிருப்பார்! காணிக்கு, உரத்துக்கு, பயணப் பாசுக்கு, இடம்பெயர்ந்தபோது நிவாரணக் கூப்பனுக்கு, கடைசியாக அண்ணியின் மரணப் பதிவுக்கு. நிற்பதுதான் அவருக்குத் தெரிந்த புதிர். நோர்வேப் பிள்ளைகள் இந்த அறையை ஓடி முடிக்கிறார்கள் என்று நிலானி சொல்லியிருக்கிறாள். அவர்கள் மணியில் குத்துவார்கள், இறகு பிடுங்குவார்கள், வாத்தின் தொப்பியைக் கழற்றித் தாங்கள் போடுவார்கள். அவர்களுக்கு ஒரு கந்தோரும் ஒரு கெடுதலும் செய்ததில்லை.

"முடிஞ்சுது. இவர் சிரிக்கமாட்டார்" என்றேன் கலாவிடம். என் குரலில் வென்றவனின் சந்தோசம் ஒரு துளியும் இருக்கவில்லை.

"பொறுங்கோ அப்பா" என்றாள் நிலானி. அவள் முகம் மாறியிருந்தது. "ஒண்டும் செய்யாமல் கனநேரம் நிண்டால் என்ன நடக்கும் எண்டு நான் ஒண்டு எழுதி வைச்சனான். இவ்வளவு நேரம் ஒருத்தரும் நிக்கேல்ல. அது வேலை செய்யுமோ எண்டே எனக்குத் தெரியாது."

அப்போதுதான் வாத்து குறட்டையை நிறுத்தியது. ஒரு கண்ணைத் திறந்தது. எதிரே ஒரு மனிதர் கை கட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டது. "க்வாக்!" என்று அலறி, கதிரையோடு பின்பக்கமாகக் கவிழ்ந்தது. தொப்பி ஒருபக்கம், மூக்குக்கண்ணாடி ஒருபக்கம், இரண்டு கால்கள் மட்டும் மேசைக்கு மேலே துடித்தன.

"ஐயோ, ஐயாவுக்கு அடிபட்டுதோ?" என்று அண்ணன் முன்னே பாய்ந்தார்.

வாத்து மேசையைப் பிடித்து மெல்ல எழும்பி எட்டிப் பார்த்தது. அண்ணனைக் கண்டதும் மறுபடி பயந்து ஒளிந்தது.

அண்ணனின் தோள் குலுங்கியது. முதலில் இருமல் என்று நினைத்தேன். பிறகு தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. அண்ணன் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நானா! என்ர சீவியத்தில முதல்தரம் ஒரு உத்தியோகத்தர் என்னைக் கண்டு பயந்து விழுந்தவர்!"

நானா துள்ளினார். மலர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள். நிலானி நிலத்தில் இருந்துவிட்டாள். நாய் குரைத்தது.

ஆனால் அலுவல் முடியவில்லையே. யன்னல் பலகையின் பிடி வலப்பக்கத்தில் இருந்தது. அதை வலக்கையால் உயர்த்திப் பிடித்தால் விண்ணப்பம் இடக்கையில். அண்ணன் தயங்கினார். பலகையை விட்டுவிட்டு விண்ணப்பத்தை வலக்கைக்கு மாற்றினார், பலகை விழுந்தது. மறுபடி மாற்றினார், மறுபடி விழுந்தது.

"பெரியப்பா, இடக்கையால குடுங்கோ!"

"இடக்கையால எப்பிடியம்மா ஒருத்தருக்குக் குடுக்கிறது?"

"அது வாத்து!"

"வாத்தெண்டாலும் கந்தோரில இருக்கிறவர்."

கடைசியில் வேறு வழியில்லாமல் இடக்கையை நீட்டினார். நீட்டும்போது தலையைக் குனிந்து, "இடக்கையால தாறன் ஐயா, குறை நினைக்கக்கூடாது" என்றார். வாத்து வாங்கியது. கடக்கு முடக்கென்று தின்றது. கதவு திறந்தது.

"திண்டிட்டார்! நானா, விண்ணப்பத்தைத் திண்டிட்டார்!" அண்ணனால் நிற்க முடியவில்லை. நான் பிடித்துக் கதிரையில் இருத்தி, கண்ணாடியைக் கழற்றினேன். உள்ளே முழுக்க ஈரம். துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை அவள் பாத்திருந்தாளெண்டால் றோட்டில போற சனம் எல்லாம் வந்து கேட்டிருக்கும்" என்றார். ஒரு வருடத்தில் அண்ணியைப் பற்றி அவர் எங்களிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

6

பேர்கனுக்குத் திரும்பிய பிறகு, பஸ் ஓட்டிக்கொண்டே இதை அடிக்கடி யோசிக்கிறேன். இந்த விசர் விளையாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? இந்த ஊர்க் கந்தோர்களில் எவரும் நித்திரை கொள்வதில்லை. எண் எடுத்துவிட்டு இருந்தால் கூப்பிடுவார்கள். கூப்பிட்டு, சிரித்த முகத்தோடு இல்லை என்பார்கள். ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னால் வேறு வரிசை, வேறு நாள். இங்கே வந்த நாளிலிருந்து பிழை விடக்கூடாது, பிழை விடக்கூடாது என்றே பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். மகளையும் அப்படித்தான் வளர்த்தேன். வாத்தின் கந்தோரில் பிழை விட்டால் பப்பாப்பழம். இன்னொரு பிழை, இன்னொரு பழம். அதற்காக யாருடைய சாப்பாடும் நிற்பதில்லை. எங்களைப் போன்றவர்கள் ஆசைக்கு ஒரு பிழை விட்டுப் பார்க்க இப்படி ஒரு இடம் வேண்டும் போல.

இவ்வளவு விளங்கியும் நான் பந்தயத்தில் தோற்றதை நேரே ஒப்புக்கொள்ளவில்லை. தகப்பன்மாரின் குணம் அது. "அவர் சிரிச்சது கந்தோருக்கு, விளையாட்டுக்கில்லை" என்று ஒரு சட்ட நுணுக்கத்தை எடுத்தேன். கலா ராசினாமாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு என்னை நன்றாக ஏசினாள். "நீங்கள் சொன்னால் திரும்பிப் போறன் அப்பா" என்று நிலானி ஒருநாள் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. படிப்புக்குத் திரும்புவதாக அறிவிக்க ஒரு கிழமைதான் மிச்சம் இருந்தது.

கண்ணாடியை அண்ணனிடமே விட்டுவிட்டு வந்திருந்தோம். அவளிடம் வேறொன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணனே போன் எடுத்தார். எனக்குத் தெரிந்தவரை அவர் தானாக எனக்கு போன் எடுத்தது கிடையாது.

"என்னண்ணை, சுகமில்லையோ?"

"எனக்கென்ன? சுகம். பிள்ளை நிக்கிறாளோ?"

"நிக்கிறாள். அண்ணை, அவள் திரும்ப மருந்து படிக்கப் போகக்கூடும். நான்தான் சொன்னனான்."



"டேய்," என்றார் அண்ணன், "நான் வாத்தரிட்ட அனுமதி வாங்கி, கதவைத் திறந்து வெளியில வந்து நிக்கிறன். ஒவ்வொரு நாளும் வந்து நிக்கிறன். இஞ்சால ஒண்டும் இல்லை. வெறும் வெள்ளை. பிள்ளை இன்னும் கட்டேல்ல. அவள் மருந்து படிக்கப் போனால் நான் எங்க போறது?"

நான் கதிரையை விட்டு எழும்பினேன்.

"போனை அவளிட்டக் குடு. அடுத்த அறையில வயல் ஒண்டு வைக்கச் சொல்லவேணும்."

நான் நிலானியைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தேன்.